கலங்கலில் கட்டிய வலை

கோணத்தாங்கல் ஏரி உடைந்த ஒன்பதாம் நாள், அதை உடைத்தவருக்கே பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர்களுக்கு விஷயம் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பொன்னாடைக்குள் இருந்தார்.

வெள்ளானூர்ப் பக்கம், ஏரிக்கு மேற்கே, தண்ணீர் வந்து சேரும் பக்கத்தில் எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் விழா. வெள்ளம் நின்ற கறை தெரியாதபடி தூண்களுக்கெல்லாம் அவசரமாகப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். வீட்டை விற்க நினைப்பவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்களாம். நலச்சங்கச் செயலாளர் ராகவன் மைக்கைப் பிடித்தார். தென்காசியிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். எதையும் பெரிதாக்காமல் சொல்லத் தெரியாதவர். ஜம்புலிங்கம் ஐயா கொட்டும் மழையில் தன்னந்தனியாகக் கலங்கலில் இறங்கி, அடைத்துக்கிடந்த ஆகாயத்தாமரையை அறுத்துவிட்டுத் தண்ணீருக்கு வழி செய்தார், அவர் மட்டும் வராவிட்டால் முதல் மாடிக்கே தண்ணீர் ஏறியிருக்கும் என்றார். கை தட்டினார்கள். ஒரு பெண்மணி தன் குழந்தையை அழைத்து வந்து காலில் விழச் சொன்னாள். ஜம்புலிங்கம் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவர் வாங்காத நன்றியா? கரையான்சாவடி மெயின் ரோட்டில் மீன்கடை. வண்டியை நிறுத்துகிற தோரணையைப் பார்த்தே ஆள் எந்த விலைக்குப் படிவார் என்று கண்டுபிடித்துவிடுவார். பேரத்தில் தோற்றதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, மீன் தலையைத் தன் பக்கம் ஒதுக்கிவிட்டு, வாங்கியவரையே நன்றி சொல்ல வைத்து அனுப்புவார். தகுதியில்லாத நன்றியை வாங்கிப் போட்டுக்கொள்வது தொழிலில் சகஜம். இந்த ஒரு நன்றிதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

கோணத்தாங்கல் ஏரியின் கிழக்குக் கரையில், மண் கரைக்கு நடுவே, நூற்றிருபது அடி நீளத்துக்கு ஒரு கருங்கல் சுவர் உண்டு. கரையைவிட நாலடி தாழ்வு. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அந்தச் சுவர் மேல் தானாக வழிந்து, ஓடையில் இறங்கி, கூவத்தைப் பார்த்துப் போய்விடும். அதுதான் கலங்கல். ஏரிக்கு அதுதான் வாய். அதை மூடினால் வயிறு வெடிக்கும். இது ஜம்புலிங்கத்துக்குத் தெரியாததல்ல. அவர் குடும்பம் ஒரு காலத்தில் இந்த ஏரித் தண்ணீரில் நெல் போட்டது. நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகு ஏரியில் எடுக்க மீதமிருந்தது மீன் ஒன்றுதான். மீன் குத்தகை பதினோரு வருஷமாக அவரிடம்.

குத்தகைக்காரன் கண்ணுக்குக் கலங்கல் என்பது பையில் விழுந்த ஓட்டை. தண்ணீர் வழிகிறபோது கட்லாவும் ரோகுவும் அதோடு சேர்ந்து ஊரைவிட்டே கிளம்பிவிடும். அதனால் ஐப்பசி பிறந்ததும் கலங்கல் மேல் நட்டிருக்கும் குத்துக்கற்களுக்குக் குறுக்கே வலை கட்டிவிடுவார். சட்டப்படி கூடாது. ஆனால் சட்டத்தின் சார்பில் ஏரிக்கரைக்கு வருபவர் லஸ்கர் அமல்ராஜ் ஒருவர்தான். கரையைச் சுற்றிப் பார்ப்பது, மதகைத் திறந்து மூடுவது, கலங்கலில் குப்பை சேராமல் பார்ப்பது அவர் வேலை. கோணத்தாங்கலோடு இன்னும் இரண்டு ஏரி அவர் தலையில். இருவருக்கும் ஓர் உடன்பாடு: வலை இருக்கலாம், பெருமழை என்றால் ஜம்புலிங்கம் தானே வந்து எடுத்துவிட வேண்டும். ஞாயிறு தோறும் அமல்ராஜ் வீட்டுக் குழம்புக்கு ஒரு கெண்டை போய்ச் சேரும். பதினோரு வருஷம் இதில் ஒரு குறையும் வரவில்லை.

வராததற்குக் காரணம் ஏரியின் சுபாவம். காலையில் மழை அடித்தால் மறுநாள் காலையில்தான் கலங்கலுக்குத் தண்ணீர் வந்து சேரும். வருகிற வழியில் வயல் குடிக்கும், புதர் குடிக்கும், குட்டை குடிக்கும். எல்லாம் குடித்து மிச்சம் வைத்ததுதான் ஏரிக்கு. முப்பது வருஷமாகக் கண்ணால் பார்த்த கணக்கு. பெய்கிற மழையைப் பார்த்துவிட்டு, கடையைச் சாவகாசமாக மூடி, சாப்பிட்டு, பிறகு போய் வலையை அவிழ்த்தாலும் நேரம் இருக்கும்.

கார்த்திகை மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. கடையில் அப்படியும் கூட்டம். பதினோரு மணிக்கு மேல் அமல்ராஜ் போனில் கூப்பிட்டார்.

"அண்ணாத்தே, மழை வெளுத்து வாங்குது. வலையை எட்த்துட்டியா?"

ஜம்புலிங்கத்தின் கையில் பாதி வெட்டிய கட்லா. எதிரே குடையோடு ஆறு பேர். அந்த வருஷம் விட்ட குஞ்சுகள் விரல் நீளம்தான் வளர்ந்திருந்தன. அதற்காகப் பெரிய கண்ணி வலைக்குப் பின்னால் சின்னக் கண்ணி வலை ஒன்றையும் சேர்த்துக் கட்டியிருந்தார். இப்போதே எடுத்தால் வருஷத்து முதல் மொத்தமும் கூவத்துக்கு. நாலு மணிக்கு எடுத்தால் போதும்.

"எட்த்துட்டேன் நைனா. காத்தாலயே எட்த்துட்டேன்."

"அப்ப சரி. நான் அந்தாண்ட ஏரி மதகைப் பாக்கப் போறேன்."

கடைக்காரன் நாக்கில் இப்படிப்பட்ட பொய்கள் நாளைக்குப் பத்து உருளும். சரக்கு வீட்டைவிட்டே கிளம்பியிருக்காது. வந்துகினே கீது என்பார்கள். அது பொய்யே இல்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை. ஜம்புலிங்கம் சொன்னதும் நாலு மணிக்கு உண்மையாகிவிட வேண்டியதுதான்.

தண்ணீர் நாலு மணிவரை காத்திருக்கவில்லை. குடிக்க வேண்டிய வயலும் புதரும் குட்டையும் இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் சாலைகள், மொட்டை மாடிகள், சாலைக்குச் சாலை வாய்க்கால்கள். விழுந்த மழை மொத்தமும் வழியில் யாருக்கும் ஒரு வாய் கொடுக்காமல் நேரே ஏரிக்கு ஓடி வந்தது. வரும்போது ஆகாயத்தாமரையையும் தெர்மாகோலையும் தண்ணீர் பாட்டில்களையும் அள்ளி வந்து வலையில் அப்பியது. சின்னக் கண்ணியில் இலைகூடப் புகவில்லை. ஒரு மணிக்குக் கலங்கல் ஏறக்குறைய அடைந்துபோனது. ஏரி ஏறிற்று, மேற்கே குடியிருப்பின் வாகன நிறுத்தத்துக்குள்ளும் புகுந்தது.

யாரோ போன் செய்ய, பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே வண்டியை உருட்டிக்கொண்டு ஜம்புலிங்கம் வந்து சேர்ந்தபோது மணி இரண்டே கால். கலங்கலை ஒட்டிய மண் கரையின் மேல் தண்ணீர் வழிந்து, கரையை அறுத்துக்கொண்டு, கீழே கலங்கல் தெருவில் பாய்ந்துகொண்டிருந்தது. ஜனங்கள் எல்லாம் தெருவுக்குள் இருந்தார்கள். கரை மேல் ஒருவரும் இல்லை. அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, குத்துக்கல்லைப் பிடித்துக்கொண்டு, மீன் வெட்டுகிற கத்தியால் வலையை அறுத்தார். வலையும் தாமரையும் குப்பையும் ஒரே சுருளாக ஓடையில் விழுந்து மறைந்தன. கால் மணி நேரத்தில் மட்டம் இறங்கியது. தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தவர்கள் கண்ணில் பட்டது, வெள்ளத்துக்கு நடுவே கத்தியோடு நின்ற மனிதர். அடைத்தது தாமரை என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். வலையைப் பற்றி யாரோ கேட்டபோது அமல்ராஜே பதில் சொல்லிவிட்டார்: அண்ணாத்தே அதைக் காலையிலேயே எடுத்துவிட்டார்.

இருபத்திரண்டு வீட்டில் தண்ணீர். அதில் அஞ்சலை வீட்டுப் பக்கச் சுவர் விழுந்து, இட்லிக் கடை போட்டுப் பிழைக்கும் அந்தப் பெண்ணின் கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. ஜம்புலிங்கம் நாலு முறை போய்ப் பார்த்தார். உடம்பு தேற விரால் மீன் கொண்டுபோனார். ஒவ்வொரு முறையும் அவள், நீ இல்லாங்காட்டி நான் போயே சேர்ந்திருப்பேன் அண்ணே என்று கண்ணைத் துடைத்தாள். ஐந்தாவது முறை மீனை வேறு ஆளிடம் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் மனைவி நாகம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். கழற்றிய வலை வருஷா வருஷம் மொட்டை மாடியில் காயும். இந்த வருஷம் மாடி வெறுமையாக இருந்தது. துணி உலர்த்தப் போனவள் திரும்பி வந்து, "வலை எங்க?" என்றாள். கிழிந்துபோச்சு என்றார். அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மீன் சமைக்கவில்லை.

எல்லாவற்றையும்விட மோசம், அமல்ராஜ் வந்து மன்னிப்புக் கேட்டது. கலங்கலைச் சுத்தமாக வைக்கவில்லை என்று அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். ஓய்வுக்கு மூன்று வருஷம் பாக்கி. மீன்கடை ஓரத்தில் வந்து நின்றார்.

"என் மேலதான் தப்பு அண்ணாத்தே. நீ எட்த்துட்டேன்னு சொன்னதும் நான் இந்தாண்ட வரவே இல்ல. வந்து பாத்திருந்தா தாமரையைத் தள்ளி உட்டிருக்கலாம். அஞ்சலை காலை நெனச்சா சோறு எறங்கல."

ஜம்புலிங்கம் தராசைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த தராசு.

பொன்னாடை போர்த்தி நாலு நாள் கழித்து, நீர்வளத் துறையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். பெயர் அகல்யா, மன்னார்குடிப் பக்கம், முப்பது வயதுக்குள் இருக்கும். உடைந்த இடத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். கலங்கலை அகலப்படுத்த வேண்டுமா என்றும் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரே ஒரு விவரம் தேவைப்பட்டது: அன்று தண்ணீர் கலங்கலுக்கு மேல் எவ்வளவு உயரம் நின்றது? பிறகு பெய்த மழையில் கரையிலிருந்த அடையாளம் எல்லாம் கரைந்துவிட்டது. குடியிருப்புத் தூண்களில் வெள்ளை. தெருக்காரர்கள் கரையைப் பார்த்தது உடைந்த பிறகு.

"ஐயா, பக்கத்துல இருந்து பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க சொல்றதைத்தான் நான் எழுதப்போறேன்" என்றார், அளவுகோலைக் கலங்கல் மேல் நட்டுக்கொண்டு.

சற்றுத் தள்ளி அமல்ராஜ் நின்றிருந்தார். மதகைத் திருப்பும் கைப்பிடியையும் பதிவேட்டையும் ஒப்படைக்க வரச் சொல்லியிருந்தார்கள்.

ஜம்புலிங்கம் அளவுகோலைப் பார்த்தார். உண்மை நாலடி, கரையின் விளிம்பு. ஆனால் உயரம் அதிகமானால், வெறும் தாமரை எப்படி அவ்வளவு அடைத்தது என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் வலை வரும். பேரம் பேசியே வளர்ந்த புத்தி தானாக வேலை செய்தது.

"ரெண்டு ரெண்டரை அடி இருக்கும் மேடம்."

"அவ்வளவுதானா? என் கணக்குல மூணே கால் வருதே."

"மழையில அவசரத்துல பாத்தது. ரெண்டரைக்கு மேல இல்ல."

அகல்யா எழுதிக்கொண்டார். எழுதியபடியே தன் கணக்கை விளக்கினார். மழை முன்பு பெய்த அதே அளவுதான். வருகிற வேகம்தான் மாறிவிட்டது. ஒரு நாள் முழுக்கப் பரவி வந்த தண்ணீர் இப்போது மூன்று மணி நேரத்தில் மொத்தமாக வருகிறது. கலங்கல் நீளம் மட்டும் அதே நூற்றிருபது அடி. ஜம்புலிங்கத்துக்கு அது உடனே புரிந்தது. ஞாயிறு முழுக்க வருகிற கூட்டம் அரைமணியில் வந்து நின்றால், தராசு ஒன்றுதானே? கடை நொறுங்கிப்போகும். முப்பது வருஷம் பார்த்த கணக்கு எந்த இடத்தில் செத்தது என்று அந்தப் பெண் அளவுகோலோடு காட்டிக்கொண்டிருந்தார்.

"ஆனா நீங்க ரெண்டரைங்கறீங்க. அப்ப நான்தான் கூடக் கணக்குப் போட்டிருக்கேன். இருக்கற கலங்கலே போதும்னு எழுதிடலாம். ரெண்டரைக்கே கரை உடைஞ்சிருக்குன்னா கரையிலதான் கோளாறு. எலி வளை, பராமரிப்பு இல்ல." அவர் அமல்ராஜ் பக்கம் திரும்பவில்லை, திரும்பாமலிருக்க முயன்றது தெரிந்தது. "அது லஸ்கர் பேர்லதான் போகும்."

அமல்ராஜ் தலையாட்டினார். "ஆமா மேடம். எலி வளை இருந்திருக்கும். நான் சரியா பாக்கல."

அவர் கரையைச் சுற்றாத நாள் கிடையாது. ஒரு வளை கண்ணில் பட்டால் மண்வெட்டியோடு அங்கேயே உட்கார்ந்துவிடுகிற ஆள். செய்யாத தப்பை, அது தன் தப்புதான் என்று நம்பி, கையெழுத்துப் போடாத குறையாக வாங்கிக்கொண்டிருந்தார். கீழே கலங்கல் தெருவில் ஒருவன் விழுந்த சுவரின் செங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தான். இதே கலங்கல் போதும் என்று எழுதினால், அடுத்த கார்த்திகையிலும் இதே நூற்றிருபது அடி, அதே தெரு.

"மேடம், அந்த ரெண்டரையை அடிச்சுடுங்க" என்றார் ஜம்புலிங்கம்.

அகல்யா நிமிர்ந்தார்.

"நாலு அடி. கரைக்கு மேல வழிஞ்சுது. கரையில ஒரு கோளாறும் இல்ல. கலங்கல்ல என் வலை இருந்துச்சு, ரெண்டு வலை. அதுலதான் அம்புட்டும் வந்து அடைச்சுது. நான் அறுத்தது தாமரையை இல்ல, என் வலையைத்தான்."

அமல்ராஜ் மெதுவாக நடந்து வந்தார். கையில் மதகின் இரும்புக் கைப்பிடி. அதால் ஒன்று போட்டிருந்தால் ஜம்புலிங்கம் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பார்.

"காத்தாலயே எட்த்துட்டேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"நான் கேட்டேன் இல்ல?"

"கேட்ட நைனா."

"பதிமூணு நாளா நான் தூங்கல. உன் கடைக்கு வந்து உங்கிட்டயே மன்னிப்புக் கேட்டேன். சொம்மா நின்னுகினு இருந்த."

அகல்யா நோட்டைப் புரட்டி, வலை கட்ட யார் அனுமதித்தது என்று கேட்டார். ஜம்புலிங்கம் தானாகவே கட்டியதாகச் சொல்ல வாயைத் திறந்தார். அமல்ராஜ் முந்திக்கொண்டார்.

"நான்தான் மேடம். ஞாயித்துக்கெழமை மீனு தின்னேன். அதையும் எழுதிக்கோங்க."

அகல்யா உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டார். பிறகு, அவர்களைப் பார்க்காமல், ஒன்று சொன்னார். வலையே இல்லாவிட்டாலும் அன்று மூணே கால் அடி வந்திருக்கும். கரைக்கு ஒரு சாண் மிச்சம், அவ்வளவுதான். கலங்கல் போதாது, அகலப்படுத்தத்தான் வேண்டும். மழை இன்னும் கொஞ்ச நேரம் நீடித்திருந்தால் வலை இல்லாமலே உடைந்திருக்கும். அதனால் எல்லாப் பழியும் உங்களுடையது மட்டும் இல்லை, ஐயா.

நல்ல தள்ளுபடிதான். வேறொரு நாள் என்றால் ஜம்புலிங்கம் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குறைக்கப் பார்த்திருப்பார். மழை நீடிக்கவில்லையே. அந்த ஒரு சாண் இருந்திருந்தால் அஞ்சலையின் சுவர் நின்றிருக்கும். அந்தச் சாண் முழுக்க அவருடையது.

வாக்குமூலத்தைத் தன் கையாலேயே எழுதினார். மதகு மேடையில் தாளை வைத்து எழுதும்போது, போன் வந்த நேரம் எது என்று தெரியாமல் பேனா நின்றது. அமல்ராஜ் தன் போனை எடுத்துத் தேடினார்.

"பதினொண்ணே காலு" என்றார். "எழுது. நான் கேட்டேன், நீ எட்த்துட்டேன்னு சொன்னே. ரெண்டையும் எழுது."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். அமல்ராஜ் அதை முழுக்கப் படித்துவிட்டு அகல்யாவிடம் கொடுத்தார். வண்டியைக் கிளப்பும்போதுதான் திரும்பினார்.

"அஞ்சலைகிட்ட நீயே போய்ச் சொல்லு. ஊர்க்காரன் சொல்லி அது கேக்கக் கூடாது."

கரையிலிருந்து கலங்கல் தெரு நூறு அடி. ஜம்புலிங்கம் அதை நடந்து முடிக்க நேரமானது. விழுந்த பக்கச் சுவருக்குப் பதில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்து அஞ்சலை கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் மலர்ந்தது. வா அண்ணே, ரெண்டு நாளா காணோமே, உக்காரு என்றாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே, போனில் சொன்ன பொய்யிலிருந்து கலங்கலில் அறுத்ததுவரை, ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். தன் குரல் கடையில் விலை சொல்கிற குரல்போலவே இருந்தது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

அஞ்சலை தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த விராலைத் தின்னேனே" என்றாள். பிறகு, "போ."

அவர் வாசல்வரை போனார்.

"என்னால எந்திரிக்க முடியாது" என்றாள் பின்னாலிருந்து. "கதவைச் சாத்திகினு போ."

வெள்ளத்தில் ஊறிய கதவு உப்பிப் போயிருந்தது. வெளியே நின்று இழுத்தார். நிலையில் இடித்துத் திறந்துகொண்டது. மறுபடி இழுத்தார். இரண்டு கையாலும் கதவை மேலே தூக்கிப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தார். இடுக்கு குறையக் குறைய உள்ளேயிருந்து அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலாவது முறைதான் கதவு சாத்தியது.